மாங்கட்டைக் கைப்பிடி

என் இடது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தோல் டாக்டர், கையை விட்டுவிட்டு என் ஊன்றுகோலைக் கேட்டார். புதுக்கோட்டையில் அவருடைய கிளினிக்கில் எப்போதும் கூட்டம். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அவசரப்படாமல் ஊன்றுகோலை மேசைமேல் படுக்கவைத்து, நான் பிடிக்கும் இடத்தில் மாட்டியிருந்த கறுப்பு ரப்பர் உறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இந்த ரப்பர் எத்தனை வருசமாப் போடுறீங்க?"

"சின்னப் புள்ளையிலேர்ந்தே போடுறேன் டாக்டர். தேஞ்சா மாத்திக்குவேன்."

"இனிமே போடாதீங்க. ஒங்க கைக்கு ரப்பர் ஒத்துக்கலைன்னு நெனைக்கிறேன்."

நாற்பது வருடம் ஒத்துக்கொண்டது இப்போது எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று கேட்டேன். சிலருக்கு அப்படித்தான் வரும் என்றார். முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக மருந்து வைத்த பட்டையை ஒட்டி, இரண்டு நாள் முதுகை நனைக்காமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். போனேன். ரப்பர் சம்பந்தப்பட்ட வட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. அதற்குமேல் வாதாட ஒன்றும் இல்லை.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இடது கால் சூம்பிவிட்டது. இடது அக்குளில் ஒரே ஒரு ஊன்றுகோல் வைத்துத்தான் நடக்கிறேன். அதில் அக்குளுக்கு ஒரு கட்டை, கைக்கு ஒரு குறுக்குக் கட்டை. உடம்பின் பாரமெல்லாம் அந்தக் குறுக்குக் கட்டையைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில்தான் இறங்கும். வலது கை எழுதுவதற்கு. இலுப்பூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. நின்றுகொண்டு, கரும்பலகையில் எழுதித்தான் பாடம் நடத்துவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். நான் அதை மறுபடியும் சுவரோரம் தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து அப்படியே ஆகிவிட்டது.

ரப்பர் உறையைக் கழற்றினால் கீழே வெறும் மரம். என் கணவர் அக்குள் கட்டைக்குப் பருத்தித் துணி சுற்றித் தைத்துக் கொடுத்தார். அது சரியாகிவிட்டது. கைப்பிடிதான் சரியாகவில்லை. எனக்கு உள்ளங்கை நிறைய வியர்க்கும். வெறும் மரம் அந்த வியர்வையைக் குடித்துக் குடித்து ஒரு மாதத்தில் கறுத்துவிட்டது. ஊறும்போது உப்பும், காயும்போது சுருங்கும். அப்படியே மயிரிழை வெடிப்பு விட்டு, வெடிப்பின் ஓரம் கையைக் கிழித்தது. வார்னிஷ் அடித்துப் பார்த்தோம். பத்து நாளில் செதில் செதிலாக உரிந்தது. துணி சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று புண் வைத்தது. பங்குனி மாதத்தில் தேர்வுப் பணி நடந்துகொண்டிருந்தபோது, ஊன்றுகோலை வலது அக்குளுக்கு மாற்றிக்கொண்டு, பழகாத அந்த நடையில் தேர்வு அறைக்குள் இரண்டு தடவை தடுமாறினேன்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருசம் உக்காந்தே பாடம் எடுங்களேன். போர்டுல பிள்ளைகள எழுதச் சொல்லிக்கலாம். இல்லைன்னா ஆபீஸ் வேலை கொஞ்சம் பாத்துக்கங்க."

"கை ஆறிரும் மேடம். ஜூன்ல நின்னுதான் எடுப்பேன்," என்றேன்.

சொல்லிவிட்டு வந்தேனே தவிர, எப்படி என்று தெரியாது. ஆவூர் மாதா கோயில் தேருக்குக்கூட அந்த வருடம் போகவில்லை. கூட்டத்தில் கை நழுவினால் விழுந்துவிடுவேன் என்ற பயம்.

கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ, கத்திப் பிடி செய்கிறவர். உளுத்துப்போன மரத்துண்டைத் தண்ணீர் போன்ற ஒரு பிசினில் முக்கி, ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி, உள்ளே இருக்கும் காற்றை பம்பு வைத்து உறிஞ்சுகிறார். மரத்திலிருந்து நுரை நுரையாகக் காற்று வெளியே வருகிறது. அப்புறம் அடுப்பில் வைத்துச் சுட்டு எடுக்கிறார். பிசின் மரத்தின் உள்ளேயே இறுகிவிடுகிறது. கடைசியில் அந்தக் கட்டையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, மறுநாள் எடுத்துத் துடைத்து எடை போட்டுக் காட்டுகிறார். எடை கொஞ்சமும் ஏறவில்லை. அந்த இடத்தை மட்டும் நான் நாலு தடவை பார்த்தேன். தண்ணீர் குடிக்காத மரம். எனக்கு வேண்டியது அதுதான்.

என் கணவர் குவைத்தில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். திரும்பி வந்து விராலிமலை ரோட்டில் சின்னதாக ஏசி, பிரிட்ஜ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஏசி குழாயில் கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். அதற்கான வேக்குவம் பம்பு ஒன்று எங்கள் வீட்டு மூலையிலேயே இருந்தது. நான் தினமும் தாண்டிப் போகிற சாமான். மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போது கேட்டேன்.

"அந்தப் பம்பு இதுக்கு ஆகுமா?"

வீடியோவை முழுக்கப் பார்த்தார். என்னை வீட்டிலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கல்யாணம் பேச வந்தபோது தொற்றிக்கொண்ட பழக்கம்.

"ஆகும் டீச்சர். ஆனா இந்தப் பிசினு பம்புக்குள்ள போச்சுன்னா பம்பு காலி. பம்பு போனா எனக்குப் பொழப்பு போச்சு."

"போகாமப் பாத்துக்குவோம்."

"நீ முடிவு பண்ணிட்டுத்தான் கேக்குற," என்றார்.

பிசின் கூரியரில் வந்தது. பாத்திரத்துக்கு எங்கள் பழைய பத்து லிட்டர் குக்கரை எடுத்துக்கொண்டோம். உள்ளே நடப்பது தெரிய வேண்டும் என்பதால் மேலே கண்ணாடி மாதிரி ஏதாவது வேண்டும். வீட்டில் கிடந்த டீப்பாயின் மேல்கண்ணாடியை வெட்டிக்கொண்டு வரவா என்று கேட்டார். நான் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். குக்கரின் வாய் அகலத்துக்கு, உள்ளே காற்று இல்லாதபோது வெளிக்காற்று மூடியின்மேல் ஐந்நூறு கிலோ பாரத்தில் அழுத்தும்.

"ஒரு ஜல்லிக்கட்டுக் காளை ஏறி நிக்கிற கனம். சாதாக் கண்ணாடி ஒடைஞ்சு மூஞ்சியில அடிக்கும்," என்றேன்.

அவர் டீப்பாய்க் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுத் திருச்சிக்குப் போய், விரல் தடிமனுக்கு அக்ரிலிக் பலகை வாங்கி வந்தார். சிலிக்கான் வளையம் ஒன்றும் வாங்கி வந்தார். குக்கர் வாயில் வளையத்தை வைத்து, மேலே பலகையை வைத்து, பலகையில் இரண்டு துளை போட்டு ஒன்றில் குழாயையும் மற்றதில் காற்றழுத்தம் காட்டும் கேஜையும் பொருத்தினார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பெஞ்சு போட்டு எல்லாவற்றையும் அங்கே வைத்தோம். பிசின் வாடை வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் கட்டளை.

முதலில் தேக்கு எடுத்தோம். நல்ல மரம், உறுதியான மரம் என்று இரண்டு பேருக்குமே தோன்றியது. தேக்குத் துண்டைப் பிசினில் போட்டால் மிதந்தது. மேலே கனத்துக்கு ஒரு செங்கல் துண்டை வைத்தார். மூடி, பம்பைப் போட்டார். கேஜின் முள் சரசரவென்று இறங்கியது. அடுத்த நிமிடம் குக்கருக்குள் பால் பொங்குவது போல நுரை பொங்கி மூடியைத் தொட்டது. நான் கத்துவதற்குள் குழாயில் ஏறிவிட்டது. அவர் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். பம்பின் எண்ணெயை வடித்துப் பார்த்தால் மோர் மாதிரி வெளுத்திருந்தது. அன்று மதியம் பூராவும் எண்ணெய் ஊற்றி, ஓட்டி, வடித்து, மறுபடி ஊற்றி மூன்று தடவை கழுவினார். நான் சோறு போட்டுக் கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"நடுவுல ஒரு குடுவை வைக்கணும். பொங்கி வந்தா அதுல விழுந்துரும். வால்வையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தொறக்கணும்."

அவர் விட்டுவிடப் போகிறாரோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் சாப்பாடு இறங்கியது.

குடுவை வைத்து மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை பொங்கவில்லை. குமிழி மட்டும் வந்துகொண்டே இருந்தது. காலை ஒன்பது மணிக்குப் போட்டது, மாலை ஐந்து மணிக்கும் நிற்கவில்லை. மறுநாளும் போட்டோம். மறுநாளும் நிற்கவில்லை. தேக்குக்குள் இத்தனை காற்றா என்று நான் மூடிக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் குமிழி தேக்கிலிருந்து வரவே இல்லை. மேலே வைத்த செங்கல்லிலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் பிசினில் பாதியைச் செங்கல் குடித்திருந்தது.

"உலகத்துலயே ஒஸ்தியான செங்கல்லு இது. வீடு கட்டலாம்," என்றார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தோம்.

தேக்கு எதையும் குடிக்கவில்லை. அதற்குள் ஏற்கெனவே எண்ணெய் இருக்கிறது, இடம் இல்லை. அதனால்தான் உளுத்த மரம், பஞ்சு போன்ற மரம் என்று தேடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டுக் கொல்லையில் புயலில் சாய்ந்த மாமரம் ஒன்று துண்டு போட்டுக் கிடந்தது. மழை பட்டு, பூஞ்சை பிடித்து, விறகுக்குக்கூட ஆகாது என்று விட்டிருந்தோம். அதை அறுத்தபோது உள்ளே வெளிர்மஞ்சளில் கறுப்புக் கோடுகள் ஓடின, மையில் வரைந்த ஆற்றுப்படம் மாதிரி. கையில் எடுத்தால் கனமே இல்லை.

மாங்கட்டையைச் சித்திரை வெயிலில் பத்து நாள் காயப்போட்டோம். இரும்புத் தகட்டைக் கனமாக வைத்தோம். காற்றை உறிஞ்சினோம். நாலு மணி நேரத்தில் குமிழி நின்றது. வால்வைத் திறந்து, கட்டையை எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, கிறிஸ்துமஸ் கேக்குக்காக வாங்கிய சின்ன மின்சார அடுப்பில் வைத்தோம். இனி அதில் கேக் கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தால் கட்டை கல் மாதிரி இருந்தது. அவர் அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்து உருட்டி, நடுவில் போல்ட்டுக்குத் துளை போட்டு வாங்கி வந்தார். தேய்த்துப் பளபளப்பாக்கியதும் அந்தக் கறுப்புக் கோடுகள் எழுந்து நின்றன. என் வாழ்க்கையில் ஊன்றுகோலைப் பார்த்து அழகு என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் நின்றுகொண்டுதான் பாடம் எடுத்தேன். தலைமையாசிரியை வராந்தாவில் போகும்போது பார்த்துவிட்டுப் போனார்.

எட்டாவது நாள் உள்ளங்கை அரித்தது. ஒன்பதாவது நாள் கொப்புளம். பதினோராவது நாள் விரல்களை மடக்க முடியவில்லை. ரப்பரால் வந்ததைவிட மோசம். மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இடது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் வலி கொஞ்சம் மட்டுப்படும். என் கணவர் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போதும் டீச்சர். விட்டுருவோம்."

"என்னத்த விடுறது?"

"இத்தனையும்தான். உக்காந்து பாடம் எடுத்தா என்ன கொறஞ்சு போயிரும்? நாங்கூட உக்காந்துதான் வேலை பாக்குறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்க ஒக்காரணும்னு நெனைக்கும்போது ஒக்காருறீங்க. நான் அப்படி இல்ல," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. அவர் போன பிறகு அழுதேன். கையின் வலிக்கா, அவரைப் பேசியதற்கா என்று தெரியவில்லை.

அழுது முடித்ததும் எழுந்து கொட்டகைக்குப் போனேன். ஊன்றுகோலிலிருந்து கைப்பிடியைக் கழற்றி, பெஞ்சிலிருந்த பிடியிரும்பில் வைத்து இறுக்கி, ரம்பத்தை வலது கையால் பிடித்து நடுவில் அறுத்தேன். ஒரு கையால் அறுக்க அரைமணி நேரம் ஆனது. இரண்டாகப் பிளந்ததும் தெரிந்துவிட்டது. வெளியே நகக்கண் அளவுக்குத்தான் பிசின் இறுகியிருந்தது. நடுவில் மரம் பச்சையாக, வெளிறிப்போய்க் கிடந்தது. அதற்கும் இதற்கும் இடையில் ஒரு வளையம் பிசுபிசுவென்று இருந்தது. முகர்ந்தேன். பாட்டிலைத் திறந்தால் வரும் அதே வாடை. இறுகாத பிசின், என் வியர்வையின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிந்து என் கையில் இறங்கியிருக்கிறது.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். கட்டையின் உள்ளே ஏன் பிசின் போகவில்லை? பம்புதான் பிசினை உள்ளே இழுக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். பம்பு எதையும் உள்ளே இழுப்பதில்லை, காற்றை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான். பிசினை உள்ளே தள்ளுவது வெளிக்காற்று. வால்வைத் திறந்த பிறகுதான் அந்த வேலையே தொடங்குகிறது. நாங்கள் வால்வைத் திறந்த கையோடு கட்டையை எடுத்துவிட்டோம். காற்றழுத்தத்தை இருபது வருடமாக நடத்துகிறவள் நான். ஐந்நூறு கிலோ என்று கணக்குப் போட்டதும் நான்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் தப்பு எங்கே என்று தெரிந்த பிறகு வருகிற வெட்கம் அது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

என் கணவர் திரும்பி வந்தபோது பிளந்த கட்டையை அவரிடம் நீட்டினேன். இரண்டு பாதியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வேகாத பணியாரம் மாதிரி இருக்கு," என்றார்.

"நான் கத்துனதுக்கு மன்னிச்சுக்கங்க."

"அத விடு. கட்டை காஞ்சிருந்துச்சா? பத்து நாளு வெயில்ல கெடந்துச்சே."

"வெயில்ல காயாது. தண்ணி கொஞ்சம் உள்ளயே நிக்கும். தண்ணி இருந்தா பிசின் எறுகாது."

"நம்மூரு வெயில்ல காயாத கட்டையா?" என்று கேட்டார். அவரால் நம்ப முடியவில்லை.

மறுநாள் அவரோடு டாக்டரிடம் போனேன். பிளந்த கட்டையையும் பிசின் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தையும் காட்டி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை முழுக்கப் படித்தார்.

"எறுகாத பிசின் ரப்பரைவிடப் பொல்லாதது. ஒரு தடவை அலர்ஜி ஆயிட்டா அப்பறம் ஒரு சொட்டு பட்டாலும் வரும். மொதல்ல அலர்ஜியா, வெறும் எரிச்சலான்னு பாக்கணும். கை ஆறட்டும்."

"அலர்ஜின்னா?"

"அலர்ஜின்னா இத மறந்துருங்க டீச்சர். நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

கை ஆற மூன்று வாரம் ஆனது. அப்புறம் மறுபடி முதுகில் பட்டை. அந்த இரண்டு நாளும் நான் ஜெபம் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் மாதாவைத் தொந்தரவு செய்வதா என்று இருந்தாலும் செய்தேன். டாக்டர் பட்டையைப் பிரித்தார். முதுகை என்னால் பார்க்க முடியாது. என் கணவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் பழையபடி சிவந்திருந்தது. பிசின் வைத்த இடம் சுத்தமாக இருந்தது.

"வெறும் எரிச்சல்தான். பொழச்சீங்க," என்றார் டாக்டர். அப்புறம் வரிசையாக நிபந்தனை போட்டார். திரவப் பிசினை நான் தொடவே கூடாது. தொடுகிறவர் நைட்ரைல் கையுறை போட வேண்டும். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் வேண்டும். கைப்பிடி ஆனதும் அதிலிருந்து ஒரு சில்லை வெட்டி முன்கையில் இரண்டு நாள் ஒட்டிப் பார்த்துவிட்டு, அவரிடம் காட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்த முறை நாங்கள் எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யவில்லை. பேக்கரிக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். நோட்டுப் போட்டேன். வேலையெல்லாம் அவருடையது, எழுதுவது மட்டும் என்னுடையது.

வெயிலில் காய்ந்த மாங்கட்டை நூற்றுப் பன்னிரண்டு கிராம் இருந்தது. அதை அடுப்பில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்துக் காயவிட்டோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து எடை போட்டோம். நூற்று ஏழு. நூற்று மூன்று. நூறு. தொண்ணூற்று ஒன்பது. மறுபடியும் தொண்ணூற்று ஒன்பது. பதின்மூன்று கிராம் தண்ணீர் அந்தக் காய்ந்த கட்டைக்குள் ஒளிந்திருந்தது. என் கணவர் தராசைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வெளியே போய் வெயிலை நிமிர்ந்து பார்த்தார். ஒரு துரோகியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

காய்ந்த கட்டையைச் சும்மா வைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். அதனால் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி ஆறவைத்தோம். பிறகு பிசினில் போட்டு பம்பை ஓட்டினோம். அன்று சனிக்கிழமை. அவர் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். குமிழி மூன்று மணி நேரம் பொலபொலவென்று வந்தது. அப்புறம் சரம் சரமாக. அப்புறம் ஒன்றிரண்டு. நடுவில் ஒரு தடவை கரண்டு போனது. அவர் ஓடிப்போய் வால்வை அடைத்தார். முள் அசையாமல் நின்றது. கரண்டு வந்ததும் மறுபடி திறந்தார். மாலை நாலு மணிக்குப் பிசினின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி ஆனது.

பம்பை நிறுத்தி வால்வைத் திறந்தோம். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. இந்த முறை யாரும் கட்டையைத் தொடவில்லை. மூடியை எடுத்துவிட்டு, பிசினின் மட்டத்தை அவர் குக்கரின் உள்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"குடிக்குது," என்றார் மெதுவாக.

"குடிக்கட்டும். நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்து பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்து, அவர் கையுறை போட்டுக் கட்டையை எடுத்து வழியவிட்டு எடை போட்டார். நூற்றெண்பத்தாறு கிராம்.

அடுப்பிலும் ஏமாற்று இருந்தது. திருகியில் தொண்ணூற்றைந்து என்று வைத்தால் உள்ளே எழுபத்தெட்டுதான் காட்டியது வெப்பமானி. முதல் கட்டை வேகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். திருகியை நம்பாமல் வெப்பமானியைப் பார்த்து வைத்தோம். கட்டையோடு கூட ஒரு சின்னத் துண்டையும் சுட்டோம். மூன்று மணி நேரம் கழித்து அந்தத் துண்டை அறுத்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே நிறம், ஒரே கெட்டி. முகர்ந்தேன். மரவாசம்கூட இல்லை.

கட்டையைக் கடைசலில் உருட்டியதும், அதில் வெட்டிய சில்லை முன்கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்குப் போனேன். பழைய மரப்பிடியை மாட்டிய ஊன்றுகோல் வலது அக்குளில், பிள்ளைகள் போர்டில் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒருத்தி, "கையில என்ன டீச்சர் பிளாஸ்திரி?" என்று கேட்டாள். "பரீட்சை," என்றேன். மூன்றாம் நாள் டாக்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, விரலால் அழுத்தித் தடவிவிட்டு, "பிடிங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புதுக் கைப்பிடியில் ஒரு குறை இருந்தது. வியர்வையைக் குடிக்காது என்பதால் வியர்வை மேலேயே நின்று வழுக்கியது. அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. என் கணவர் அதைத் திரும்பக் கழற்றி, என் நாலு விரலும் படியும் இடத்தைப் பென்சிலால் குறிக்கச் சொல்லி, அரத்தால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்தார். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அதன் கீழே வைத்து, இரண்டு சாயங்காலம் தேய்த்தார். இப்போது கை தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொள்கிறது. வேறு யார் பிடித்தாலும் விரல் சேராது.

ஆவணியிலிருந்து நின்று பாடம் எடுக்கிறேன். சாயங்காலம் குழாயில் கழுவித் துடைத்து வைத்தால் போதும். ஐப்பசி மழையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு நடக்கும்போது நானும் ஊன்றுகோலும் தொப்பலாக நனைந்த நாள் உண்டு. கைப்பிடி உப்பவில்லை, வெடிக்கவில்லை. தலைமையாசிரியை ஒருநாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கடை டீச்சர்?" என்று கேட்டார். எங்கள் கொல்லை என்றேன்.

மார்கழியில் நான் போகும் பஸ்ஸின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். முதல் மணிக்குப் போய்ச் சேர முடியவில்லை. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கலாம் என்று என் கணவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் போய் நடந்துகொள்வேன் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பாடத்தை நின்று நடத்துவதுதான் எனக்கு முக்கியம், பஸ்ஸுக்குக் காத்து நிற்பது இல்லை என்று அந்த வாரம் புரிந்தது. சரி என்றேன்.

வண்டி எடுக்கப் போன இடத்தில் விற்பனையாளர் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்து இரண்டு கைப்பிடியையும் பிடிக்கக் கை நீட்டினேன்.

"டீச்சர், கைய எடு," என்றார் என் கணவர்.

பார்த்தேன். இரண்டு பக்கமும் புத்தம்புதுக் கறுப்பு ரப்பர். அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து, அங்கேயே நின்றுகொண்டு இரண்டையும் நெம்பிக் கழற்ற ஆரம்பித்தார்.

"சார், சார், புது வண்டிங்க. வாரண்டி போயிரும்," என்று விற்பனையாளர் ஓடி வந்தார்.

"போகட்டுங்க. எங்களுக்கு இது ஆகாது."

கழற்றிய ரப்பரை விற்பனையாளர் கையிலேயே கொடுத்துவிட்டு, வெறும் இரும்புக் குழாயில் கைக்குட்டையைச் சுற்றி என் கணவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பின்னால் ஆட்டோவில் வந்தேன்.

மாமரத்தில் இன்னும் நாலைந்து துண்டு மிச்சம் இருந்தது. நீளமாக இரண்டை அறுத்துக் காயவைத்தோம். இடது பக்கம் சுலபமாக அமைந்தது. வலது பக்கம் ஆக்சிலரேட்டர், முறுக்க வேண்டும், அதனால் குழாய் மாதிரி மெல்லிசாகக் குடைய வேண்டும். முதல் இரண்டு கட்டையும் குடையும்போதே பிளந்துவிட்டன. மூன்றாவதை அவர் துளை போட்ட பிறகு பிசினில் போட்டார். அது நின்றது. இப்போது இலுப்பூருக்கும் பள்ளிக்கும் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். பெட்ரோல் போடுகிற இடத்தில் வேலை பார்க்கும் பெண் நான் போகும்போதெல்லாம் கைப்பிடியைத் தடவிப் பார்க்கிறாள். நேற்று, "அக்கா, இது என்ன கல்லா?" என்று கேட்டாள். மாமரம் என்று சொன்னேன், நம்பவில்லை.